துண்டுக்குள் சொன்ன நோய்

சந்தையில் யாராவது என் தோளில் கைபோட்டு வண்டிகளுக்குப் பின்னால் ஒதுக்கமாகக் கூட்டிப்போனால், என்ன கேட்கப்போகிறார் என்பது இப்போதெல்லாம் எனக்குத் தெரிந்துவிடுகிறது. "ஏனுங்க தரகரே, என்ற கூட்டாளி ஒருத்தனுக்குங்க..." என்று தொடங்குவார். எல்லோருக்கும் ஒரு கூட்டாளி இருக்கிறான். அவனுக்கு மனைவி பக்கத்தில் போகவே பயம். போனாலும் உடம்பு சொன்னபடி கேட்பதில்லை. அந்தக் கூட்டாளி எந்த ஊர் என்று நான் கேட்பதில்லை. மூன்று வருஷம் நானே அப்படி ஒரு கூட்டாளியைச் சுமந்துகொண்டு திரிந்தவன்தான்.

அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். டாக்டர் சொன்னதை என் புத்தியில் ஏறிய அளவுக்கு எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம். ஆஸ்பத்திரியில் போன என் கால்விரலும் திரும்பவில்லை, அதற்கு முன்பே போனதும் சரியாகத் திரும்பவில்லை. குணமான கதைதான் வேண்டும் என்கிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எனக்கு நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்து ஊர். மாட்டுத் தரகு. எங்கள் தொழிலில் விலையை வாய்விட்டுச் சொல்வது கிடையாது. விற்கிறவர் கையும் தரகர் கையும் ஒரு துண்டுக்குள் போகும். எத்தனை விரலைப் பிடிக்கிறோமோ அதுதான் விலை. கையை உருவிக்கொண்டால் பேரம் முறிந்தது என்று அர்த்தம். சுற்றிலும் நூறு பேர் நின்றாலும் இரண்டு பேருக்குத்தான் விஷயம் தெரியும். இருபது வருஷம் இப்படியே பழகியதில், முக்கியமான எதையும் வாயைத் திறந்து சொல்லவே எனக்கு வராமல் போய்விட்டது.

எங்களுக்கு இரண்டு பெண் குழந்தைகள். இரண்டாவது பிரசவத்தில் என் மனைவி பாவாயிக்கு ரத்தம் நிற்கவில்லை. அவள் பிழைத்து வந்ததே பெரிது. வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள், "இன்னொண்ணு வேண்டாமுங்க. எனக்குப் பயமா இருக்குது. நீங்க அந்த ஆபரேசன் பண்ணிக்கிறீங்களா?" என்று கேட்டாள். ஆண்களுக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் முகாம் ஊருக்கு ஊர் நடந்துகொண்டிருந்த காலம் அது. போய்ச் செய்துகொண்டேன். அரைமணி நேர வேலை.

அடுத்த சந்தையில் விஷயம் பரவிவிட்டது. "தரகரையே காயடிச்சுப்போட்டாங்கப்பா. இனி எந்த வண்டியில வேண்ணாலும் பூட்டலாம்" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் காயடித்த மாட்டைப் பிடித்து விற்றே பிழைக்கிறவனுக்கு அந்தப் பேச்சு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் எங்களுக்குள் எல்லாம் முன்போலவே நடந்தது. இதை நீங்கள் கவனித்துக்கொள்ளுங்கள். நான் கவனிக்கவில்லை.

மூன்றாம் வருஷத்தில் உடம்பு வற்றத் தொடங்கியது. சட்டை தொளதொளவென்று ஆனது. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் நாக்கு ஒட்டிக்கொண்டது, ராத்திரி நாலைந்து தடவை எழுந்து போகவேண்டியிருந்தது. உறுப்பின் முன்தோலில் அரிப்பு வந்து, சின்னச் சின்ன வெடிப்பாக வெடித்து எரிந்தது. நடந்தால் பஞ்சின்மேல் நடப்பதுபோல இருந்தது. இதோடு சேர்ந்துதான் அந்தக் குறையும் வந்தது. முதலில் எப்போதாவது தவறியது, பிறகு எப்போதாவதுதான் நடந்தது, அப்புறம் அதுவும் இல்லை. ஒரு மாட்டைப் பார்த்தால் நாக்கு, மூக்கு, சாணி, நடை எல்லாவற்றையும் சேர்த்து யோசிக்கிறவன், என் உடம்பில் வந்ததை மட்டும் தனித்தனியாக வைத்துப் பார்த்தேன். கடைசிக் குறைக்கு ஆபரேஷன்தான் காரணம் என்று நானே தீர்ப்பும் எழுதிக்கொண்டேன்.

பாவாயியிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும்? தான் கேட்டுத்தானே இவர் போனார் என்று அவள் தலையில் போட்டுக்கொள்வாள். அதனால் சொல்லவில்லை. ஆரம்பத்தில் அவள், "அலுப்பா இருக்கும், தூங்குங்க" என்பாள். பிறகு அதையும் சொல்வதை விட்டுவிட்டாள். மாடு திருட்டுப் போகிறது என்று ஒரு பொய்யைச் சொல்லி நான் படுக்கையை மாடு கட்டும் கட்டுத்தரைக்கு மாற்றினேன். எந்த மாடும் திருட்டுப் போகவில்லை.

சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு டாக்டரிடம் போனேன். காத்திருக்கும் இடத்தில் பெண்களும் குழந்தைகளுமாக நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். என் முறை வந்தது. "என்ன பண்ணுது?" என்றார். "வயித்து வலிங்க" என்றேன். அவர் வயிற்றை அழுத்திப் பார்த்து, இல்லாத வலிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதையும் மூன்று நாள் சாப்பிட்டேன்.

அப்புறம்தான் லாட்ஜ் வைத்தியர். சுவரெல்லாம் நோட்டீஸ் ஒட்டியிருக்குமே, மாதத்தில் ஒருநாள் சேலத்து லாட்ஜில் அறை போட்டு உட்கார்ந்திருப்பார்களே, அந்த வகை. அவரிடம் நான் ஒன்றும் சொல்லவேண்டியிருக்கவில்லை, அவரே சொன்னார். நகத்தைப் பார்த்தார், கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தார். "எளவயசுல கை சும்மா இருக்கலை, அப்படித்தானே?" என்றார். யாருக்குத்தான் சும்மா இருந்தது? நான் தலையைத் தொங்கப்போட்டேன். தேனும் கருப்பட்டியும் நெய்யும் போட்டுக் கிளறிய ஒரு லேகியம் கொடுத்தார். இரண்டு வேளையும் நெல்லிக்காய் அளவு, அதன்மேல் ஒரு டம்ளர் பாலும் ஒரு வாழைப்பழமும். எட்டு மாதம் மாதாமாதம் போய் வாங்கினேன்.

உடம்பு தேற என்று சொல்லி அதைப் பாவாயியிடமே கொடுத்துவைத்தேன். அவள் இரண்டு வேளையும் உருட்டிக் கொடுத்தாள். அவள் தம்பி செங்கோடன் ராசிபுரத்தில் நெய் வியாபாரம். மாமா இளைத்துவிட்டார் என்று அவன் கொண்டுவந்து கொடுத்த நெய்யையும் அதன்மேல் ஊற்றினாள். அன்பாகத்தான் ஊற்றினாள். நானும் நன்றாகத்தான் தின்றேன், நாளுக்கு நாள் இன்னும் வற்றினேன்.

சந்தையில் ஒரு காளை என் வலது காலை மிதித்தது. வலிக்கவில்லை. தைரியசாலி என்று நினைத்துக்கொண்டேன். பத்து நாளில் சுண்டுவிரல் கறுத்து நாற்றம் எடுத்தபோது, செங்கோடன்தான் என்னைத் தாங்கிப்பிடித்து பஸ் ஏற்றிச் சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அங்கே சிறுநீரைக் கேட்டார்கள். லேப்காரர் ஒரு கண்ணாடிக் குழாயில் நீல மருந்து ஊற்றி, அதில் சில சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். "நீலமாவே நின்னா ஒண்ணுமில்லை. பச்சை, மஞ்சளுன்னு மாறுனா சர்க்கரை" என்றார். என் குழாய் பச்சையில் நிற்கவில்லை, மஞ்சளிலும் நிற்கவில்லை. செங்கல் நிறத்துக்குப் போய்விட்டது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இத்தனை நாளு எப்படிப்பா நடமாடுனே?" என்றார்.

ஆண்கள் வார்டில் இரும்புக் கட்டில். மூன்றாம் நாள் சுண்டுவிரலை எடுத்தார்கள். மற்ற விரல்களுக்கும் பரவினால் பாதம், அதற்கும் மேலே போனால் கால் என்று, வானம் பார்த்து மழை சொல்கிறவர்போல விரலை எடுத்த டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். நர்ஸம்மா கண்ணாடி ஊசியைக் கொதிக்கவைத்து வேளைக்கு வேளை இன்சுலின் போட்டார். அது என்னவென்றால், தின்ற சர்க்கரையை உடம்புக்குள் சேர்க்கிற சாறு, என் உடம்பில் அது போதவில்லையாம். பாவாயி வராந்தாவில் பெண்களோடு படுத்துக்கொண்டாள். காலையில் யாரிடமோ அடுப்பு கேட்டு வாங்கி ராகிக் களி கிண்டிக்கொண்டு வருவாள். என் துண்டைத் துவைத்து ஜன்னல் கம்பியில் கட்டிக் காயவைப்பாள். நெய்யைப் பற்றி நர்ஸம்மா கேட்டபோது அவள் முகம் போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை.

தினம் காலையில் வரும் டாக்டர் சின்ன வயசுக்காரர். முதல்நாளே கேட்டார்: "கால் மரத்துப்போகுதா? கண் மங்குதா? மனைவிகூட வாழ்க்கை எப்படி?" முதல் இரண்டுக்கும் உண்மை சொன்னேன். மூன்றாவதற்கு, "ஒரு குறையும் இல்லீங்க சார்" என்றேன். அவர் சீட்டில் அப்படியே எழுதிக்கொண்டார்.

புதன்கிழமை செங்கோடன் வந்தான். பாவாயி களி கிண்டப் போயிருந்தாள். அவன் ஸ்டூலை இழுத்துப்போட்டு என் காதருகே குனிந்தான்.

"மாமா, ஒண்ணு கேக்கோணும். உங்களை நான் லாட்ஜு வாசல்ல பாத்தேன். ஒருக்கா இல்லீங்க, மூணு மாசம் பாத்தேன். கோணிப்பையைக் கக்கத்துல வெச்சுக்கிட்டு, தலையில துண்டைப் போட்டுக்கிட்டு எறங்கி வந்தீங்க."

நான் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"யாருங்க மாமா அவ?"

"அவளும் இல்லை, இவளும் இல்லை மாப்ளே."

"அப்பறம் லாட்ஜுல மாடு வித்தீங்களா?" என்றான். "அக்காளுக்கு இன்னும் சொல்லலீங்க. மூணு வருசமா நீங்க கட்டுத்தரையில படுக்கறது ஊருக்கே தெரியும். ஞாயித்துக்கெழமை வாரேன். நெசத்தை நீங்களே அவகிட்டச் சொல்லிப்போடுங்க. இல்லீன்னா நான் சொல்லி, அவளையும் புள்ளைங்களையும் என்ற ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். காலு முடியாத ஆளை உட்டுட்டுப் போறாளேன்னு ஊரு பேசுனாலும் பேசட்டும்."

அவன் கெட்டவன் இல்லை. என்னைத் தூக்கிவந்து சேர்த்த அதே கை அது. அவன் பக்கத்து நியாயம் எனக்கே சரியாகப் பட்டதுதான் கொடுமை. பெண் இல்லை என்று நிரூபிக்க வேண்டுமானால் அதைவிடக் கேவலமான ஒன்றைச் சொல்லவேண்டும். அதைச் சொன்னால் பாவாயி தன்னையே நொந்துகொள்வாள். சொல்லாவிட்டால் போய்விடுவாள். எழுந்து ஓடவும் காலால் முடியாது. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

பக்கத்துக் கட்டிலில் ராசு என்று நாமக்கல் லாரி டிரைவர். அவனுக்கும் சர்க்கரை. முதுகில் பெரிய பிளவைக் கட்டி வந்து கிழித்திருந்தார்கள், குப்புறப்படுத்தபடியே வார்டு முழுவதையும் பேசியே ஓட்டுவான். செங்கோடன் போனதும் தலையை என் பக்கம் திருப்பினான்.

"கேட்டுச்சுங்க. காது குப்புறப் படுக்கலீங்களே. தப்பா நெனைக்காதீங்க தரகரே, லாட்ஜுல உக்காந்திருந்தது பொட்டப்புள்ளையா, வைத்தியனா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நானும் அங்கதானுங்க லேகியம் வாங்குனேன்" என்றான் ராசு. "நம்ம வண்டிக்கு செல்ஃப் எடுக்காம நாலு வருசமாச்சு. எறங்கித் தள்ளியும் பாத்தாச்சு. இங்க வந்து டாக்டர்கிட்டச் சொன்னப்பறந்தான், அது தனி நோவு இல்லை, சக்கரையோட வாலுன்னு தெரிஞ்சுது. சொல்லிப்போடுங்க. டாக்டருக்கு இதெல்லாம் பஞ்சர் ஒட்டற மாதிரி, ஒரு நாளைக்குப் பத்துப் பாக்கறவரு."

வெள்ளிக்கிழமை காலை டாக்டர் வந்தார். பின்னால் நாலைந்து படிக்கிற பிள்ளைகள், நர்ஸம்மா, பக்கத்துக் கட்டில்காரர்களின் சொந்தங்கள். சொல்லத்தான் நினைத்தேன். வாய் ஒட்டிக்கொண்டது. ஜன்னலில் காய்ந்த துண்டை எடுத்து என் கைமேல் போட்டு அவர் பக்கம் நீட்டினேன். இருபது வருஷப் பழக்கம், தானாக நீண்டுவிட்டது.

டாக்டர் துண்டுக்குள் கையை விட்டு என் மணிக்கட்டைப் பிடித்தார். கடிகாரத்தைப் பார்த்தார். "நாடி நல்லாத்தான் இருக்கு. எதுக்கு இதை மூடி வச்சிருக்கீங்க?" என்றார்.

குப்புறக் கிடந்த ராசு தலையணைக்குள் சிரித்துச் சிரித்துப் பிளவை வலியில் முனகினான். "சார், அவரு மாட்டுத் தரகருங்க. உங்ககிட்ட விலை சொல்றாருங்க" என்றான்.

டாக்டர் சிரிக்கவில்லை. மற்றவர்களை அடுத்த கட்டிலுக்கு அனுப்பிவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்தார். கையைத் துண்டுக்குள்ளேயே வைத்திருந்தார். "சொல்லுங்க" என்றார்.

"மூணு வருசமா நான் காயடிச்ச மாடுங்க சார்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அதற்குள் வியர்த்துவிட்டது.

அவர் நிதானமாகக் கேட்டார். ஆபரேஷனுக்குப் பிறகு எத்தனை நாள் சரியாக இருந்தது? இரண்டு வருஷம். விடியற்காலையில் தூக்கத்திலிருந்து எழும்போது தானாக விறைப்பு வருகிறதா? அதுவும் நின்றுபோய் வெகுநாள் ஆயிற்று. ஆசை இருக்கிறதா? இருக்கிறது, அதுதானே கஷ்டம். காலையில் வந்து, மனைவியிடம் மட்டும் வராவிட்டால் மனசின் பயமாக இருக்கலாம், எப்போதுமே வராவிட்டால் பெரும்பாலும் உடம்பில் காரணம் இருக்கும் என்றார்.

"மாட்டுக்குக் காயடிக்கிறப்போ என்ன பண்றாங்க?"

"வெதையவே நசுக்கிருவாங்க சார்."

"உங்களுக்கு விதையைத் தொடவே இல்லை. விதையில ரெண்டு வேலை நடக்குது. ஒண்ணு குழந்தைக்கான வித்து, அது ஒரு சின்னக் குழாய் வழியா வெளியே வருது. இன்னொண்ணு மீசை, குரல், ஆசை எல்லாம் தர்ற சாறு, அது நேரா ரத்தத்துல கலக்குது. ஆபரேஷன்ல அந்தக் குழாயை மட்டும்தான் கட்டினாங்க. கிணத்தை மூடலை, ஒரு வாய்க்காலை அடைச்சாங்க. உங்க மீசை எங்கயாவது போச்சா?"

நான் மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

விறைப்பு என்பது எலும்போ சதையோ இல்லையாம், ரத்தம் வந்து நிறைவதுதானாம். அதற்கு ரத்தக்குழாய் திறக்கவேண்டும், திறக்கச் சொல்லி நரம்பு செய்தி கொண்டுபோகவேண்டும். வருஷக்கணக்காகக் கவனிக்காமல் விட்ட சர்க்கரை இரண்டையும் அரித்துவிடுகிறது. காளை மிதித்து வலிக்காததும் அதே நரம்புக் கோளாறுதான். முன்தோல் வெடிப்பும் பாவநோய் இல்லை, சிறுநீரில் போகும் சர்க்கரையில் வளரும் பூஞ்சைதான். அதற்குத் தடவ மருந்து எழுதினார். இளவயதில் கையால் செய்ததற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றார். லேகியத்தில் தேன், கருப்பட்டி என்றதும் கண்ணை மூடிக்கொண்டார். "நெருப்புல நெய்யை ஊத்தினமாதிரி" என்றார். அது நிஜமாகவே ராசிபுரத்து நெய் என்பது அவருக்குத் தெரியாது.

"ஒயரிங் போனதா சார், டியூபு அடைச்சதா?" என்றான் ராசு அங்கிருந்து.

"ரெண்டும்தான்" என்றார் டாக்டர்.

"திரும்புமுங்களா?" என்று நான் கேட்டேன்.

"பொய் சொல்லமாட்டேன். சர்க்கரையை அடக்கினா இன்னும் கெடாம நிக்கும். கொஞ்சம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். திரும்ப வைக்கிற மாத்திரை எங்கிட்ட இல்லை. இருக்குன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க" என்றார். பிறகு, "இதை உங்க மனைவிகிட்டச் சொன்னீங்களா?" என்றார்.

"நீங்களே சொல்லிருங்க சார்."

"முதல்ல நீங்க சொல்லுங்க. சந்தேகம் இருந்தா எங்கிட்டக் கூட்டிட்டு வாங்க."

சனிக்கிழமை நாள் முழுக்கச் சொல்லிப் பழகினேன். பாவாயி களி ஊட்ட வந்தபோது உப்பு குறைவு என்றேன். மத்தியானம் புழுக்கமாக இருக்கிறது என்றேன். சாயங்காலம் பெண்குழந்தைகள் எப்படி இருக்கிறார்கள் என்று மூன்றாம் தடவை கேட்டேன். ராசு தலையணையில் நெற்றியை முட்டிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை பார்வை நேரம். வார்டு சந்தைபோல நிறைந்துவிட்டது. செங்கோடன் வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றான். கையைக் கட்டிக்கொண்டான். நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா என்று பார்வையிலேயே கேட்டான். பாவாயி தலைமாட்டில் ஸ்டூலில் உட்கார்ந்து எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

நான் துண்டை எடுத்து என் கைமேல் போட்டு அவள் பக்கம் நீட்டினேன். அது ஆண்கள் பேசும் துண்டு. தரகன் மனைவியாகப் பதினான்கு வருஷம் வாழ்ந்தும் அவள் அதற்குள் கை விட்டதில்லை. ஒரு நிமிஷம் தயங்கினாள். பிறகு விட்டாள். அவள் விரலெல்லாம் அடுப்புச் சூடு இருந்தது.

குனியச் சொல்லி, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன். கட்டுத்தரையில் படுத்தது மாட்டுக்காக இல்லை என்றேன். லாட்ஜில் இருந்தது வைத்தியன் என்றேன். லேகியம் எதற்கு என்றேன். ஆபரேஷனால் இல்லை, சர்க்கரையால் என்று டாக்டர் சொன்னதைக் கிணறும் வாய்க்காலுமாகச் சொன்னேன்.

அவள் கண்ணைத் துடைக்கவில்லை. ஒரு கை துண்டுக்குள் இருந்தது, இன்னொரு கையில் களி கொண்டுவந்த தூக்குப்போசி.

"மூணு வருசமா நாந்தானுங்க உங்களைக் கெடுத்துப்போட்டேன்னு இருந்தேன்" என்றாள். "நாங் கேட்டுத்தானே போனீங்க. வாயைத் தொறந்தா நீங்க அதைச் சொல்லிப்போடுவீங்கன்னு பயந்துக்கிட்டே, ஒண்ணும் கேக்காம இருந்தேன்."

அவளுக்காக நான் சொல்லவில்லை, என் வாய்க்குப் பயந்து அவள் கேட்கவில்லை. மூன்று வருஷம் ஒரே மூட்டையை ஆளுக்கொரு பக்கம் தனித்தனியாகத் தூக்கியிருக்கிறோம்.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. "திரும்பாதுன்னும் சொல்றாரு புள்ள. மருந்து கெடையாதாம். நீ சின்ன வயசுக்காரி. உன்ற தம்பி கூப்புட வந்திருக்கறான். போறதுன்னா கையை உருவிக்க. நான் ஒண்ணும் நெனைக்கமாட்டேன்."

அவள் என் விரல்களை எண்ணவில்லை. கை முழுவதையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். எங்கள் தொழிலில் அப்படி ஒரு பிடி கிடையாது.

கால்மாட்டில் நின்ற செங்கோடனுக்குப் பொறுமை போய்விட்டது. "அக்கா, துண்டுக்குள்ள என்ன பேரம் நடக்குது?" என்றான்.

பாவாயி திரும்பிப் பார்க்கவில்லை.

"முடிஞ்சுபோச்சு சாமி" என்றாள். "நீ ராசிபுரம் பஸ்ஸுக்குக் கெளம்பு. அடுத்தவாட்டி வாரப்ப நெய்யி கொண்டாராத."